கார்ல தனியா வர்றவரை பஸ்ல ஏத்த அரசாங்க காசு எதுக்குன்னு கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாள் முன்னாடி உங்க வாசகர் கடிதம் பகுதியில அண்ணா நகர்ல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தார். காரை வீட்ல விட்டுட்டு வாங்கன்னு ஆபீஸ் போறவங்கள கெஞ்சுறதுக்கு பாஸ் மானியம், இணைப்பு பஸ், ஊக்கத்தொகைன்னு அரசாங்கம் செலவு பண்ணணும்னு சில பேர் பேசுறது வெட்டி வேலை, கார் வாங்க வசதி இருக்குறவனுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்னு கேட்டிருந்தார். படிச்ச உடனே நியாயமாத்தான் தோணும், எங்க ஆபீஸ்ல மத்தியான சாப்பாட்டு நேரத்துல இந்த பேச்சு வந்தப்போ நாலு பேர் ஆமா ஆமான்னு தலையாட்டினாங்க. எனக்கு ஒத்துக்கல. நான் ஓஎம்ஆர்ல, அதாவது ஐடி கம்பெனிங்க நெறைய இருக்குற பழைய மகாபலிபுரம் ரோட்ல, ஒரு கம்பெனியில சம்பளப் பட்டியல் போடுற வேலையில இருக்கேன், யாருக்கு எந்த கணக்குல எவ்வளவு போகுதுன்னு மாசா மாசம் பாக்குறவ. காருக்கு இதுவரைக்கும் யாரும் ஒரு பைசா குடுக்காத மாதிரியும், பஸ்ஸுக்கு மட்டும் இப்ப புதுசா கேக்குற மாதிரியும் அவர் எழுதினது தான் இடிக்குது.

எங்க பில்டிங்கையே எடுத்துக்கோங்க. தரைக்கு கீழ ரெண்டு அடுக்கு பார்க்கிங். வாடகை ஒப்பந்தத்துல ஆபீஸ் இடத்துக்கு சதுர அடிக்கு ஒரு ரேட்டு, கார் நிக்குற ஒவ்வொரு கட்டத்துக்கும் மாசத்துக்கு தனி ரேட்டு, ரெண்டையும் கம்பெனி கட்டுது, செலவுன்னு எழுதுது, அந்த அளவுக்கு லாபம் குறையுது, அரசாங்கத்துக்கு போற வரியும் குறையுது. கார் கொண்டு வர்றவருக்கு கண்ணாடியில ஒட்ட ஒரு ஸ்டிக்கர் குடுப்போம், அவ்வளவு தான், அவர் சம்பள சீட்டுல அது எங்கயும் தெரியாது. 570ம் நம்பர் டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே வர்ற பொண்ணுக்கு என்ன குடுக்குறோம்? ஒண்ணும் கிடையாது. அவ டிக்கெட் காசு அவ கைக்காசு, அதுவும் வரி புடிச்சது போக கைக்கு வந்த சம்பளத்துல இருந்து. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல 1992லயே இதுக்கு ஒரு சட்டம் போட்டாங்க, அம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற கம்பெனி வாடகைக்கு பார்க்கிங் எடுத்து ஊழியருக்கு இலவசமா குடுத்தா, அந்த இடம் எனக்கு வேணாம்னு சொல்ற ஊழியருக்கு அதே மதிப்பை பணமா குடுக்கணும்னு. நம்ம ஊர்ல இதை செஞ்சா அரசாங்கத்துக்கு ஒரு ரூபா செலவு இல்ல, ஆனா எங்க ஆபீஸ்ல பாதி ஸ்டிக்கர் திரும்பி வந்துடும்னு நான் பந்தயம் கட்டுவேன், ஏன்னா மாசக் கடைசியில கையில வர்ற காசுக்கு இருக்குற மரியாதை பேஸ்மென்ட்ல இருக்குற மஞ்சள் கோட்டுக்கு கிடையாது.

வருமான வரியிலயும் இதே கதை தான். கம்பெனி குடுக்குற காரை ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓட்டினா, இன்ஜின் 1.6 லிட்டருக்குள்ள இருந்தா, செலவெல்லாம் கம்பெனியோடதா இருந்தாலும் அந்த சலுகையோட மதிப்பு மாசம் 1,800 ரூபான்னு தான் ரொம்ப வருஷம் கணக்குல சேர்த்தோம், டிரைவரும் உண்டுன்னா மேல 900. பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் சேர்த்து 2,700 ரூபாய்க்கு எந்த ஊர்ல கார் ஓடுதுன்னு எனக்கு காட்டுங்க, நானும் ஒண்ணு வச்சுக்குறேன். மீதி முழுக்க வரி இல்லாத சலுகை. அதே நேரத்துல, சாதாரண சம்பளக்காரங்களுக்கு போக்குவரத்து படியில மாசம் 1,600 ரூபா வரைக்கும் இருந்த வரி விலக்கை 2018 பட்ஜெட்ல எடுத்துட்டு, மருத்துவச் செலவு விலக்கையும் சேர்த்து 40,000 ரூபா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்ல, அதாவது சம்பளத்துல பொதுவா கழிக்கிற தொகையில, கரைச்சுட்டாங்க. அது எல்லாருக்கும் ஒண்ணு தான், பஸ்ல போனாலும் சரி பிஎம்டபிள்யூல போனாலும் சரி. அதனால காருக்கு காசு போகலன்னு யாரும் சொல்ல வேணாம், அது பட்ஜெட் புத்தகத்துல ஒரு வரியா வர்றதில்ல, அதான் நம்ம கண்ணுக்கு தெரியல.

கண்ணுக்கு தெரியுறதும் இருக்கு. அண்ணா சாலையில தேனாம்பேட்டையில இருந்து சைதாப்பேட்டை வரைக்கும் 3.2 கிலோமீட்டருக்கு உயர்மட்ட சாலை, மதிப்பீடு 621 கோடி. அதே ரோட்டுக்கு அடியில 2018ல இருந்து மெட்ரோ ஓடிக்கிட்டு இருக்கு. மேல கட்டுற பாலத்துல நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது, அதனால நந்தனத்துல ஏறி இறங்குற ஜனங்களை வச்சிருக்குற டவுன் பஸ் பழைய மாதிரி கீழ தான் போகணும், மேல போறதுல பெரும்பாலும் காரும் பைக்கும் தான். பாலமே வேணாம்னு நான் சொல்ல வரல, ஆம்புலன்ஸுக்கும் அது உதவும். ஆனா அந்த 621 கோடியை, சென்னையில டவுன் பஸ் ஓட்டுற எம்டிசியோட ஆயிரம் ரூபா மாசப் பாஸா மாத்தி பாருங்க, அஞ்சு லட்சம் பேருக்கு ஒரு வருஷம் முழுக்க வரும். பாலம் அம்பது வருஷம் நிக்கும், பாஸ் வருஷக் கடைசியில தீர்ந்துடும்னு பதில் சொல்வாங்க, சரி தான், ஆனா ஜெமினி பாலம் 1973ல இருந்து அங்கயே தான் நிக்குது, அதுக்கு கீழயும் மேலயும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி நிக்காம போகுதான்னு அந்த அண்ணா நகர் வாசகரே ஒரு நாள் போய் பாத்துட்டு எழுதட்டும்.

இன்னொரு கணக்கு ரொம்ப பேர் யோசிக்கிறதில்ல. ஒரு ரூட்ல பஸ் போய் திரும்ப மூணு மணி நேரம் ஆகுதுன்னா, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட 18 பஸ் வேணும். டிராபிக் இல்லாம ரெண்டு மணி நேரத்துல போய் வந்தா 12 பஸ் போதும், அதே சேவை. மிச்ச ஆறு பஸ்ஸுக்கும் அதுக்கான டிரைவர் கண்டக்டருக்கும் டீசலுக்கும் ஆகுற காசு யார் குடுக்குறா? நம்ம தான். அதாவது முன்னாடி போற கார்ல ஒத்த ஆளா உக்காந்து ஏசி போட்டுட்டு போறவரால பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு ஓட வேண்டிய நடை குறையுது, பஸ் லேட்டுன்னு கண்டக்டரை திட்டுறோம், ஷேர் ஆட்டோவுக்கு ஓடுறோம், அடுத்த மாசம் தவணையில ஸ்கூட்டி வாங்குறோம், குழந்தை பொறந்து ரெண்டு மழைக்காலம் போனா கார். ஸ்கூட்டில இருந்து காருக்கு போறவங்களை தடுக்குறது, கார்ல இருக்குறவங்களை இறக்குறதை விட ரொம்ப சுலபம்னு எனக்கு தோணும், அதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல.

இதுல ஒண்ணு ஒத்துக்கணும். இலவசமா குடுத்தா எல்லாரும் ஏறிடுவாங்கங்கிறது நடக்காது. பொண்ணுங்களுக்கு டவுன் பஸ்ல இலவசம்ங்கிற மகளிர் விடியல் பயணம் 2021 மே மாசத்துல இருந்து ஓடுது, 2025-26 பட்ஜெட்ல மாநிலம் முழுக்க அதுக்கு 3,600 கோடி ஒதுக்கினாங்க, ஒரு பொண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சம் ஆகுதுன்னு மாநில திட்டக்குழு ஆய்வுல வந்துச்சு. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மா அந்த காசுல என்னென்ன செய்யுறாங்கன்னு எனக்கு தெரியும், அந்த திட்டத்தை யாராவது கிண்டல் பண்ணா எனக்கு கோவம் தான் வரும். ஆனா அதனால கார்ல வந்துட்டு இருந்த பொண்ணுங்க இறங்கி பஸ்ஸுக்கு வந்தாங்களான்னா, எங்க ஆபீஸ்ல யாரும் வரல. வசதி இருக்குறவங்களுக்கு டிக்கெட் விலை பிரச்சனையே இல்ல. எப்ப வரும்னு தெரியாத பஸ், ஸ்டேஷன்ல இருந்து ஆபீஸ் கேட்டு வரைக்கும் நடக்க பிளாட்பாரம் இல்லாதது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல எப்படி திரும்புறதுங்கிற பயம், இது மூணும் தான். அதனால காசு எதுக்கு போகணும்ங்கிறதுல ரொம்ப கறாரா இருக்கணும், சும்மா டிக்கெட்டை குறைச்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு கை தட்டக்கூடாது.

எங்க டீம்ல ஒரு பொண்ணு, மேடவாக்கத்துல இருந்து தினம் கார்ல தனியா வருவா. ஏம்மா பெரும்பாக்கம் வழியா கம்பெனி பஸ் வருதே, அதுல வந்தா என்னன்னு ஒரு நாள் கேட்டேன். அவ சொன்னது இது: "அக்கா, எனக்கு ஓட்டவே புடிக்கல, கிளட்ச் மிதிச்சு மிதிச்சு சாயங்காலம் முட்டி வலி உயிர் போகுது. ஆனா பையன் ஸ்கூல்ல இருந்து மிஸ் போன் பண்ணி, ஜுரமா இருக்கு வந்து கூட்டிட்டு போங்கன்னா நான் என்ன பண்றது சொல்லுங்க? கம்பெனி பஸ் ஆறு மணிக்குத்தான் எடுப்பாங்க. ஆப்ல ஆட்டோ போட்டா மூணு பேர் கேன்சல் பண்ணிட்டு நாலாவது ஆளு மேல எவ்வளவு தருவீங்கன்னு கேப்பாரு. அதுக்குள்ள பையன் ஆபீஸ் ரூம்ல படுத்துட்டு அம்மா எங்கன்னு கேட்டுட்டு இருப்பான். கார் கீழ நின்னா எனக்கு நிம்மதிக்கா." அந்த மாதிரி போன் வருஷத்துக்கு ரெண்டு தடவையோ மூணு தடவையோ வருமாம். அந்த ரெண்டு மூணு நாளுக்காக மத்த எல்லா நாளும் ஒரு காரு ரோட்ல இருக்கு.

இதுக்கு மருந்து இருக்கு, அதுவும் ரொம்ப மலிவா. அமெரிக்காவுல பல ஊர்கள்ல பஸ்லயோ நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியிலயோ வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு உத்தரவாதம் குடுக்குறாங்க, அவசரம்னா டாக்சி பிடிச்சு வீட்டுக்கு போங்க, செலவு எங்களுதுன்னு. ஆபீஸ்ல திடீர்னு வேலை நீண்டு போய் கடைசி பஸ் போயிட்டாலும் இதே தான். கேட்டா எல்லாரும் தினம் டாக்சியில போயிடுவாங்கன்னு நமக்கு தோணும், ஆனா வருஷத்துக்கு இத்தனை தடவைன்னு வரம்பு வச்சிருப்பாங்க, அந்த வரம்பு வரைக்கும் கூட பெரும்பாலானவங்க போறதில்ல, அது இருக்குங்கிற தைரியமே போதுமா இருக்கு. எங்க ஆபீஸ் மாதிரி ஒரு இடத்துக்கு இதுக்கு ஆகுற செலவை நானே மனக்கணக்கா போட்டேன், ரெண்டு மூணு பார்க்கிங் கட்டத்தோட வருஷ வாடகையில அடங்கிடும். அரசாங்கம் பாதி கம்பெனி பாதின்னு போட்டாலும் யாருக்கும் வலிக்காது. இது மாதிரி ஒரு திட்டத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது, கல்வெட்டு வைக்க இடம் இல்ல, அதனால தான் யாருக்கும் ஆர்வம் இல்லையோன்னு ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

கம்பெனி பஸ்ஸுன்னு சொன்னேன்ல, அதைப் பத்தியும் எழுதியே ஆகணும். இந்தியாவோட டெட்ராய்ட்னு நம்ம ஊருக்கு பேரு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் செய்யுற தொழிலாளிங்க எப்படி வேலைக்கு போறாங்க? விடியக்காலையில பூந்தமல்லியிலயோ பெருங்களத்தூர்லயோ ரோட்டோரமா நின்னு பாத்தா தெரியும், யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, தோள்ல பையோட, கம்பெனி பஸ்ஸுக்கு தான் நிக்குறாங்க. ஷிஃப்ட் டயம்னா டயம், லைன் ஓடணும், ஆள் வந்தே ஆகணும், அதனால பஸ் விடுறது உற்பத்தி செலவுல ஒரு பகுதின்னு அந்த கம்பெனிங்க எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. காரை செய்யுறவங்க பஸ்ல போறாங்க, கம்ப்யூட்டர் தட்டுற நாங்க கார்ல போறோம். ஓஎம்ஆர் பக்கமும் முன்னாடி பஸ் நெறைய இருந்துச்சு, கொரோனாவுக்கு அப்புறம் வாரத்துல மூணு நாள் ஆபீஸ், ரெண்டு நாள் வீடுன்னு ஆனதும் எந்த நாள் எத்தனை பேர் வருவாங்கன்னு சொல்ல முடியல, பஸ் கான்ட்ராக்டருக்கோ ஆள் வந்தாலும் வராட்டியும் மாசத்துக்கு இவ்வளவுன்னு குடுத்தாகணும், எங்க கம்பெனி ரெண்டு ரூட்டை அப்படியே நிறுத்திடுச்சு. நிறுத்தின அடுத்த மாசமே பார்க்கிங் ஸ்டிக்கர் கேட்டு எனக்கு மெயில் குவிஞ்சுது. பக்கத்து பில்டிங் கம்பெனியும் அதே கீழ்க்கட்டளை, அதே ரேடியல் ரோடுல பாதி காலியா ஒரு பஸ் ஓட்டுறாங்க. அதுல எங்க ஆளுங்க ஏறக்கூடாது, இன்சூரன்ஸ் ஒத்துக்காது, செக்யூரிட்டி ஒத்துக்காது, ஹெச்ஆர் ஒத்துக்காது.

அரசாங்க காசு இங்க தான் வேலை செய்யும். ஒரு தொழில் பேட்டையில இருக்குற எல்லா கம்பெனியையும் உக்கார வச்சு ரூட்டை ஒண்ணாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும், ஒரு ஆபீஸ் வேணும், முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் காலியா ஓடுற சீட்டுக்கு யாராவது நஷ்டத்தை தாங்கணும். தனி கம்பெனி அதை செய்யாது, ஏன்னா என் காசுல அவன் ஆள் ஏறிட்டு போவான்னு நினைக்கும். கும்டான்னு ஒரு அமைப்பு இதுக்குன்னே இருக்கு, சென்னை ஒருங்கிணைந்த பெருநகர போக்குவரத்து குழுமம், 2010ல சட்டம் போட்டு 2022 நவம்பர்ல தான் முதல் கூட்டம் நடந்துச்சு, அந்த பன்னெண்டு வருஷத்துல ஓஎம்ஆர்ல எத்தனை பில்டிங் முளைச்சுதுன்னு சொல்லத் தேவையில்ல. இப்ப சென்னை ஒன் ஆப் வந்திருக்கு, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாத்துக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட், நானும் வச்சிருக்கேன், நல்லாவே வேலை செய்யுது. ஆனா டிக்கெட் எடுக்குறது எப்பவுமே பெரிய கஷ்டமா இருந்ததில்ல, கண்டக்டர் நம்ம கிட்ட வந்து குடுத்துட்டு தான் இருந்தாரு.

கம்பெனிங்க தானா செய்வாங்கன்னு விட்டா செய்ய மாட்டாங்க, அதுவும் உண்மை. வாஷிங்டன் மாநிலத்துல, தலைநகர் இல்ல, சியாட்டில் இருக்குற மாநிலம், அங்க 1991ல ஒரு சட்டம் போட்டாங்க. நெரிசல் இருக்குற பகுதிகள்ல ஒரே இடத்துல காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவுல நூறு பேர் அல்லது அதுக்கு மேல வேலைக்கு வந்தா, அந்த கம்பெனி தனி ஆளா கார்ல வர்றவங்களை குறைக்க ஒரு திட்டம் வச்சே ஆகணும், அதை பாத்துக்க ஒரு ஆளை நியமிக்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை யார் எப்படி வேலைக்கு வர்றாங்கன்னு கணக்கெடுப்பு நடத்தி காட்டணும். அதை நடத்துறதுக்கு மாநில அரசு உள்ளூர் அமைப்புகளுக்கு பணமும் குடுக்குது. ஃபிரான்ஸ்ல இன்னும் ஒரு படி மேல, ஊழியரோட மாச பாஸ்ல பாதியை கம்பெனி குடுத்தே ஆகணும், அது போக பாரிஸ்ல 1971ல இருந்து போக்குவரத்துக்குன்னே கம்பெனிங்க கிட்ட சம்பளத்தை வச்சு ஒரு வரி வசூல் பண்றாங்க. நம்ம ஊர்ல பிஎஃப்புக்கு, இஎஸ்ஐக்கு, தொழில் வரிக்கு எல்லாம் மாசா மாசம் நான் கணக்கு அனுப்பிட்டு தான் இருக்கேன், பாஸ்ல பாதின்னு பட்டியல்ல இன்னொரு கட்டம் சேர்க்கிறது எனக்கு ஒரு மத்தியான வேலை.

பக்கத்து பெங்களூர்லயே ஒரு உதாரணம் இருக்கு. 2008-09ல இன்ஃபோசிஸ் வளாகத்துல ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகர் ஆறு மாசம் ஒரு சோதனை நடத்தினார். காலையில நெரிசல் நேரத்துக்கு முன்னாடி வந்துடுறவங்களுக்கு புள்ளி, அந்த புள்ளிக்கு வாராவாரம் குலுக்கல், குலுக்கல்ல பணப்பரிசு. சீக்கிரம் வர்றவங்க எண்ணிக்கை ரெண்டு மடங்கா ஆச்சு. அபராதம் போட்டு மிரட்டாம, புதுசா ரோடு போடாம நடந்த விஷயம் அது. நம்ம சேப்பாக்கத்துல 2024 ஐபிஎல் சமயத்துல சிஎஸ்கே மேட்ச் டிக்கெட்டை காட்டினா மெட்ரோவுல இலவசம்னு வச்சாங்களே, அதுவும் இந்த வகை தான், கூட்டத்தை வரவழைக்கிறவங்களே பயணத்துக்கும் பொறுப்பு ஏத்துக்கறது. மேட்ச் முடிஞ்சு மஞ்சள் சட்டை கூட்டம் மொத்தமா அரசினர் தோட்டம் ஸ்டேஷன் பக்கம் நடந்து போறதை பாத்திருப்பீங்க. அவங்க எல்லாம் ஏழைங்களா? டிக்கெட் விலை என்னன்னு உங்களுக்கே தெரியும். வசதியா இருந்தா, எளிசா இருந்தா, வாலாஜா ரோட்ல பார்க்கிங் தேடுற தொல்லை இல்லன்னா காரை விட்டுட்டு வர்றதுக்கு நம்ம ஜனம் தயாரா தான் இருக்கு.

வெட்டிச் செலவு எதுன்னும் சொல்லிடுறேன், இல்லன்னா நான் எதுக்கெடுத்தாலும் காசு கேக்குறேன்னு நினைப்பீங்க. மெரினாவுல டி-சர்ட் போட்டுக்கிட்டு ஸ்கூல் பசங்களை நிக்க வச்சு விழிப்புணர்வு பேரணி நடத்துறதுக்கு ஒரு பைசா குடுக்கக்கூடாது, அந்த பசங்க யாருக்கும் கார் லைசென்ஸே கிடையாது. வாடகை சைக்கிளும் அப்படித்தான், மே மாச வெயில்ல மத்திய கைலாஷ்ல இருந்து பெருங்குடிக்கு சைக்கிள் மிதிச்சுட்டு போய் யார் மீட்டிங்ல உக்காருவா, அதை ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு சாயங்காலம் போறதுக்கு வேணா வச்சுக்கலாம். ஒரே ஆபீஸ் ஆளுங்க நாலு பேர் பெட்ரோல் காசை பங்கு போட்டுக்கிட்டு ஒரு கார்ல வர்றதுக்கு செலவே இல்ல, ஆனா ஓன் போர்டு வண்டியில, அதாவது வாடகைக்கு விடாத சொந்த வண்டியில, காசு வாங்கிட்டு ஆள் ஏத்தினா ஆர்டிஓ புடிப்பாங்களோங்கிற பயம் இருக்கு. 2020ல மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்ல சொந்த வண்டியை ஊருக்குள்ள ஒரு நாளைக்கு நாலு டிரிப் வரைக்கும் பகிர்ந்துக்கலாம், மாநில அரசு தடுக்காத வரைக்கும்னு இருந்துச்சு. நம்ம மாநிலம் இதுல எந்த பக்கம்னு எல்லாருக்கும் புரியுற மாதிரி தமிழ்ல ஒரு அரசாணை போட்டா போதும்.

இப்ப இதை அவசரமா எழுதக் காரணம் எங்க ஏரியா தான். மெட்ரோ ரெண்டாம் கட்டம், மூணு வழித்தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி, 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. அதுல மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம் எங்க மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் வழியா போகுது. தோண்டின குழியும் தகரத் தடுப்பும் திருப்பி விட்ட பஸ்ஸும்னு பல வருஷமா பாத்துட்டோம், இந்த சமயத்துல இந்த ரோட்ல பஸ்ஸை நம்பி பிரயோஜனம் இல்லன்னு பைக்கோ காரோ வாங்கினவங்க எங்க தெருவுலயே எத்தனையோ வீடு. ஸ்டேஷன் திறக்குற அன்னைக்கு அவங்க எல்லாம் வரிசையில வந்து நிப்பாங்கன்னு எதிர்பாக்க முடியாது, தவணை ஓடிட்டு இருக்கும், பழக்கமும் ஆகியிருக்கும். உள்ளகரத்துல இருந்தோ, ராம் நகர் உள்பக்கத்துல இருந்தோ மெயின் ரோட்டுக்கு வர சின்ன பஸ் வேணும். 2013ல இலை படம் போட்டு விட்டாங்களே, அந்த சைஸ் பஸ், படம் எதுவா இருந்தாலும் எங்களுக்கு பரவாயில்ல. மழை பேஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி நிக்காத நடைபாதை வேணும், அந்த தடத்துல வரப்போற எல்காட் ஸ்டேஷன்ல இறங்கினா ஆபீஸ் கேட்டு வரைக்கும் ஒரு வண்டி வேணும், கம்பெனிங்க கூட உக்காந்து பேச ஒரு குழு வேணும். மொத்தத் திட்டச் செலவுல ஒரு சதவீதம்னா 632 கோடி. அண்ணா சாலையில அந்த 3.2 கிலோமீட்டருக்கு ஆகுற அளவு தான். 63,000 கோடிக்கு ரயில் விட்டுட்டு, வீட்ல இருந்து ஸ்டேஷனுக்கு வர வழிக்கு காசு இல்லன்னு சொன்னா அதை யார் ஏத்துப்பா?

காசு குடுத்தா கணக்கும் கேக்கணும், அதுல அந்த அண்ணா நகர் வாசகர் கட்சி தான் நானும். ஓஎம்ஆர், கிண்டி, அம்பத்தூர்ல நூறு பேருக்கு மேல இருக்குற ஒவ்வொரு ஆபீஸும் அவங்க ஆளுங்க எத்தனை பேர் தனியா கார்ல வர்றாங்க, எத்தனை பேர் பஸ், மெட்ரோ, கம்பெனி வண்டி, பைக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவை கும்டாவுக்கு எழுதிக் குடுக்கணும், கும்டா அதை ஆபீஸ் வாரியா வெளியிடணும். ரெண்டு வருஷத்துல நம்பர் அசையலன்னா அந்த திட்டத்தை மூடிடலாம், நானே உங்களுக்கு கடிதம் எழுதுறேன். எங்க ஆபீஸ் கணக்கை எடுக்க எனக்கு ரெண்டு நாள் கூட ஆகாது, பார்க்கிங் ஸ்டிக்கர் லிஸ்டும் பஸ் லிஸ்டும் என் கம்ப்யூட்டர்லயே இருக்கு, ஆனா இதுவரைக்கும் எந்த அதிகாரியும் அதை எங்க கிட்ட கேட்டதில்ல. உங்க நிருபர்கள் யாராவது அடுத்த தடவை போக்குவரத்து துறை பிரஸ் மீட்டுக்கு போனா, ஏன் கேக்கலன்னு ஒரு வார்த்தை கேட்டு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை-91